வலியில்லாத அபாயம்: பெண்நோய் அறிகுறிகளை எடைபோடுவது குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வியும் எல்லையும்

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களை ராணி பங், அபய் பங் என்னும் மருத்துவத் தம்பதியர் பரிசோதித்து, கண்டதை 1989 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். பெண்நோய்த் தொல்லை ஏதோ ஒன்று இருப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 55 பேர். பரிசோதித்தபோது நோய் இருந்தவர்கள் நூற்றுக்கு 92 பேர். அதற்கு முன் பெண்நோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான்.

92க்கும் 8க்கும் நடுவில் இருப்பது வறுமை, தூரம், கூச்சம், பெண் மருத்துவர் இல்லாமை. அதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. 92க்கும் 55க்கும் உள்ள இடைவெளியைப் பற்றித்தான் பேச்சு குறைவு. அங்கே உடலில் நோய் இருக்கிறது, ஆனால் உடையவளிடம் புகார் இல்லை. சில நோய்கள் சத்தமே போடாமல் இருப்பது ஒரு காரணம். சத்தம் கேட்டும், ‘இதெல்லாம் பொம்பளைக்கு உள்ளதுதான்’ என்று அவள் ஒதுக்கிவிட்டது இன்னொரு காரணம்.

நம் வீடுகளில் இந்த ஒதுக்கலுக்கு ஒரே ஓர் அளவுகோல்தான் புழங்குகிறது: வலி. தாங்க முடியாத வலியென்றால் ஆஸ்பத்திரி, தாங்க முடிந்தால் வெந்தயமும் கஷாயமும். இந்த அளவுகோல் பெண்நோய்களில் பெரும்பாலும் ஏமாற்றும் என்பதே இக்கட்டுரையின் வாதம். உயிரைப் பறிக்கக்கூடிய மூன்று புற்றுநோய்களும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அவை தம் வருகையைச் சொல்லும் விதமும் ஒன்றுக்கொன்று வேறு. கருப்பை வாய்ப் புற்று, அறிகுறி காட்டும் நேரத்தில் பெரும்பாலும் பல ஆண்டு பழையதாகியிருக்கும். கருப்பை உட்சுவர்ப் புற்று சீக்கிரமே குரல் கொடுத்துவிடும். சினைப்பைப் புற்று வயிற்றுக்கோளாறு போல வேடமிட்டு வரும். வலியின் அளவைவிட, எந்த வயதில், எந்த வேளையில், முன்பிருந்ததிலிருந்து எப்படி மாறி என்று கேட்பதே பயன் தரும்.

கர்ப்பகாலப் பராமரிப்பும் மார்பக நோய்களும் தனியே பேசவேண்டியவை. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. நோய் இன்னதென்று தீர்மானிப்பது மருத்துவர் வேலை. போகவேண்டுமா, எவ்வளவு சீக்கிரம் என்பது மட்டுமே இங்கே ஆராயப்படுகிறது.

2. இயல்பு எதுவரை

28 நாள் என்பது பாடப்புத்தகச் சராசரி. பன்னாட்டு மகப்பேறு, பெண்நோய் மருத்துவக் கூட்டமைப்பு 2018இல் திருத்தி வெளியிட்ட வரையறைப்படி 24 முதல் 38 நாளுக்குள் ஒருமுறை வருவது இயல்பு. போக்கு 8 நாள் வரை நீடிப்பதும் இயல்பு. ஒரு மாதத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் ஒரு வாரம் முன்பின் ஆவதும் கவலைக்குரியதல்ல. வயதுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகளிலும், நிற்கப்போகும் காலத்திலும் கணக்கு இன்னும் தளர்வாகவே இருக்கும்.

அளவைச் சொல்வது கடினம். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஹால்பெர்க் குழுவினர் 1966இல் வெளியிட்ட ஆய்வில், பயன்படுத்திய நாப்கின்களைச் சேகரித்து இரத்தத்தை ஆய்வகத்தில் அளந்து, ஒரு மாதவிடாய்க்கு 80 மில்லிக்கு மேல் போனால் இரத்தசோகை கூடுகிறது என்று கண்டார்கள். அந்த 80 பல பத்தாண்டுகள் பாடமாகவே இருந்தது. ஆனால் எந்த வீட்டில், யார் அளப்பது? மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2007இல் வேறு வழி எடுத்தது: ஒரு பெண்ணின் உடல், மனம், அன்றாட வாழ்வு ஆகியவற்றைக் கெடுக்கும் அளவுக்குப் போனால் அது மிகை, அவ்வளவுதான். சரியான திருப்பம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் நம் ஊரில் அதிலொரு சிக்கல் உண்டு. பதினைந்து ஆண்டுகளாக அந்த நாட்களில் கல்யாண வீட்டுக்குப் போகாமலும், அழுத்த நிறப் புடவையையே உடுத்தியும், பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காராமலும் இருந்து பழகியவளிடம் ‘வாழ்க்கை கெடுகிறதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் சொல்வாள். கெட்டதற்கேற்ப அவள் தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்டு நாளாகிவிட்டது.

அவள் வாய் மறைத்ததை ஹீமோகுளோபின் சொல்லிவிடும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியாவில் 57 சதவீதமும் தமிழ்நாட்டில் 53 சதவீதமும் இரத்தசோகையோடு இருந்தார்கள். எல்லாம் மாதவிடாயால் வந்ததல்ல. உணவும் குடற்புழுவும் இதில் பங்காளிகள். ஆனால் போக்கு எவ்வளவு என்று ஒருமுறைகூடக் கேட்காமல் ஆண்டுக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை.

3. உதிரப்போக்கு

3.1 மிகுதி

ஒரு மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தால், கூடவே தலைசுற்றல், படபடப்பு, மூச்சுவாங்கல் இருந்தால், அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நிலை. 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். இவ்வளவு அவசரமில்லாவிட்டாலும், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, மாற்றுவதற்காகவே இரவில் எழ வேண்டியிருப்பது, 8 நாளைத் தாண்டுவது ஆகியவை அந்த மாதமே காட்டவேண்டியவை. துணி பயன்படுத்துபவர்கள் எத்தனை முறை மாற்றினோம் என்று கணக்கு வைத்தால் போதும். காரணம் நார்த்திசுக் கட்டியாகவோ, தைராய்டாகவோ, கருப்பைத் தசைக்குள் உட்சுவர்த் திசு புகுந்ததாகவோ, கருமுட்டை சரிவர வெளிவராததாகவோ இருக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு மருந்திலேயே வழி உண்டு.

வயதுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே பெருவெள்ளமாகப் போகும் பெண்பிள்ளையை ‘போகப் போகச் சரியாகும்’ என்று விட்டுவிடக் கூடாது. அவர்களில் சிலருக்கு இரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை இருக்கும். வான் வில்லிபிராண்ட் நோய் அதில் முக்கியமானது. பல் பிடுங்கினால் இரத்தம் நிற்காதது, அடிக்கடி மூக்கில் வடிவது, காரணமில்லாமல் உடம்பில் கன்றிப்போவது, அம்மாவுக்கோ அத்தைக்கோ இதே தொல்லை இருந்தது ஆகியவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

3.2 இடையிலும் உறவுக்குப் பின்னும்

இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் படுவதும், தாம்பத்திய உறவுக்குப் பின் படுவதும் அளவில் சொற்பமாக இருக்கும். வலியும் இருக்காது. அதனாலேயே பேசப்படுவதில்லை. உறவுக்குப் பின் படும் இரத்தத்துக்குப் பெரும்பாலும் கருப்பை வாயில் புண், தொற்று, சிறு சதை வளர்ச்சி போன்ற சாதாரணக் காரணங்களே இருக்கும். ஆனால் கருப்பை வாய்ப் புற்றும் இப்படித்தான் தலைகாட்டும். ஸ்பெகுலம் என்னும் கருவியை உள்ளே வைத்துக் கண்ணால் பார்க்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது. நாடி பிடித்தோ, மேலே வைத்து எடுக்கும் ஸ்கேனை மட்டும் பார்த்தோ, மருந்துக்கடைக்காரரிடம் விவரம் சொல்லியோ தெரிந்துகொள்ள இதில் வழியில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தால் ‘சேர்ந்த பிறகு ரத்தம் படுது டாக்டர்’ என்ற ஒரு வரி போதும். மற்றதை அவர் கேட்டுக்கொள்வார்.

கருப்பை வாய்ப் புற்றுக்கு முக்கியக் காரணம் எச்.பி.வி. வைரஸ். இதைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. 16, 18 என்ற இரண்டு வகைகளே சுமார் 70 சதவீதப் புற்றுகளுக்குக் காரணம். தொற்று பற்றிப் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 10, 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த நீண்ட காலம் முழுக்க அறிகுறி எதுவுமே இராது. எனவே இந்த ஓர் உறுப்பைப் பொறுத்தவரை அறிகுறிக்காகக் காத்திருப்பதே பிழை. இங்கே கண் வைக்கவேண்டியது அறிகுறிக்கு முந்தைய பரிசோதனையில்.

இதற்கு வலுவான சான்றுகளில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்திலிருந்தே வந்திருக்கிறது. சங்கரநாராயணன் குழுவினர் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, வெள்ளையாக மாறும் இடங்களைக் கண்ணால் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சை தரப்பட்டது. பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட்டபோது புற்று வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007இல் ‘லான்செட்’ இதை வெளியிட்டது. அப்படியிருந்தும், மேற்சொன்ன கணக்கெடுப்பில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்ட 30 முதல் 49 வயதுப் பெண்கள் நாட்டில் 2 சதவீதத்துக்கும் குறைவு. மாநிலங்களில் முன்னணியில் நிற்கும் தமிழ்நாட்டிலேயே பத்தில் ஒருவர்தான். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படும் சோதனைக்கு இந்த நிலை என்றால், குறை பணத்தில் மட்டும் இல்லை.

3.3 நின்ற பின்

கடைசி மாதவிடாய் வந்து 12 மாதம் முழுதாகக் கடந்தபின் படும் எந்த இரத்தமும், ஒரே ஒரு சொட்டானாலும், வெறும் பழுப்பு நிறக் கறையானாலும், பரிசோதிக்கப்படவேண்டியது. இந்தக் கட்டுரையில் விதிவிலக்கே இல்லாமல் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஒரு கணிப்பின்படி, இப்படி இரத்தம் படும் பெண்களில் சுமார் 9 சதவீதத்தினருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்று இருந்தது. அந்தப் புற்று வந்தவர்களைத் திருப்பிக் கணக்கிட்டால் சுமார் 90 சதவீதத்தினருக்கு முன்னதாக இரத்தம் பட்டிருந்தது. முதல் எண் பயத்தைக் குறைக்க வேண்டும்: பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் சாதாரணம், பெரும்பாலும் ஹார்மோன் குறைவால் உட்தோல் மெலிந்திருப்பது. இரண்டாம் எண் தாமதத்தைக் குறைக்க வேண்டும்: இந்தப் புற்று அநேகமாக எப்போதும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறது. அந்தச் சொல்லை முதல் வாரத்திலேயே கேட்டவர்களுக்குக் கருப்பைக்குள் அடங்கிய நிலையிலேயே சிகிச்சை முடிந்துவிடுவது வழக்கம்.

மருத்துவர் முதலில் உள்வழி ஸ்கேன் எடுத்து உட்சுவரின் தடிமனைப் பார்ப்பார். 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் புற்றுக்கான வாய்ப்பு மிகக் குறைவு. கூடுதலாக இருந்தாலோ, இரத்தம் திரும்பத் திரும்பப் பட்டாலோ, துளி சதை எடுத்துச் சோதிப்பார். உடற்பருமன், சர்க்கரை நோய், பிள்ளைப்பேறின்மை உள்ளவர்களும், மார்பகப் புற்றுக்காக டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்களும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். ‘திரும்பவும் வந்துவிட்டது, உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும் பாட்டிமார்களைப் பலரும் பார்த்திருப்போம். அந்தச் சிரிப்புக்குப் பதில் சிரிக்காமல் அழைத்துப்போவதே வீட்டார் செய்யவேண்டியது.

4. வலி

வலி நம்பத்தக்க அளவுகோல் இல்லை என்றேன்; ஆனால் அதைத் தள்ளிவிடவும் முடியாது. மணிக்கணக்கில் முடிவெடுக்கவேண்டிய வலியும் உண்டு, ஆண்டுக்கணக்கில் ஏமாற்றும் வலியும் உண்டு.

நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒருபக்கம் வலித்து, கொஞ்சம் இரத்தமும் பட்டால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கர்ப்பங்களில் சுமார் 1 முதல் 2 சதவீதம் இப்படி அமையும். அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் கருக்குழாயில். குழாய் வெடித்தால் இரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குள் தேங்கும். அந்த இரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது, அதன் நரம்பின் வழியில் தோள்பட்டை நுனி வலிக்கும். அடிவயிற்று வலியோடு தோள்வலி, மயக்கம், வெளிறல் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பட்ட இரத்தத்தை மாதவிடாய் என்று எண்ணி ஏமாறுவது இங்கே வழக்கமான விபத்து. சந்தேகம் வந்தாலே மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனை அட்டையை வாங்கிப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டுக்கென்று இதில் ஒரு சிறப்பு எச்சரிக்கை உண்டு. இங்கே திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். ‘ஆபரேஷன் பண்ணியாச்சு, அதெல்லாம் இருக்காது’ என்று அவர்களும் சொல்வார்கள், சில நேரம் மருத்துவமனையிலும் சொல்லிவிடுவார்கள். அறுவைக்குப் பின் கர்ப்பமாவது அபூர்வம்தான். ஆனால் அப்படி ஆகும் கர்ப்பங்களில் சுமார் மூன்றில் ஒன்று கருப்பைக்கு வெளியே தங்கியது என்பது 1996இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு. எனவே ஆபரேஷன் ஆன பெண்ணுக்கு நாள் தள்ளினால் கவலை குறையக்கூடாது, கூடவேண்டும்.

திடீரென்று, நின்ற இடத்தில் பிடித்தாற்போல ஒருபக்கம் வலித்து, வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நீர்க்கட்டி இருப்பது முன்பே தெரிந்த பெண்களுக்கு வாய்ப்பு அதிகம். சில மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் சினைப்பையைக் காப்பாற்றலாம். வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்து இரவைக் கழிப்பதில்தான் அது போய்விடுகிறது.

ஆண்டுக்கணக்கில் ஏமாற்றும் வலிக்கு எண்டோமெட்ரியோசிஸ் சரியான எடுத்துக்காட்டு. கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு வெளியே, சினைப்பையிலும் குடலிலும் ஒட்டி வளர்வது இது. இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கு, உலக அளவில் 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெயர் தெரியவே பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. மாதாமாதம் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலி, உறவின்போது ஆழத்தில் வலி, பிள்ளை தங்காமை ஆகிய நான்கில் இரண்டு சேர்ந்தாலே கேட்கத் தகுந்த சந்தேகம். ‘கல்யாணம் ஆனா சரியாயிரும், ஒரு பிள்ளை பெத்தா சரியாயிரும்’ என்பது மருந்தல்ல. சரியாகாத பெண்களின் மேல் பழியைப் போடும் வாக்கு அது.

5. வெள்ளைப்படுதல்

வெளிநோயாளர் வரிசையில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பெரும்பாலும் நோயும் இல்லை. மாதத்தின் நடுவில் முட்டைவெள்ளைக்கரு போல இழுபடும் நிறமற்ற கசிவு உடலின் இயல்பு. அதனால் எலும்பு உருகிப் போகிறது என்பது காலங்காலமாக வரும் பயம், உண்மை அதில் இல்லை.

நாற்றம், நிறம், அரிப்பு, வலி என்று ஏதாவது மாறினால் பார்க்க வேண்டும். தயிர்த்திரி போலத் திரண்டு, அரிப்போடு வந்தால் காளான் தொற்று. அது அடிக்கடி திரும்பினால் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். மீன் வாடையோடு சாம்பல் நிறமாக வந்தால் பாக்டீரியாச் சமநிலை குலைந்திருக்கிறது. நுரைத்துப் பச்சை மஞ்சளாக வந்தால் டிரைக்கோமோனாஸ் என்னும் பால்வினைத் தொற்று. கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தராவிட்டால் அது திரும்ப வரும். இரத்தக் கலப்புடன் நீர்த்து, துர்நாற்றத்தோடு தொடர்ந்து போனால் அது மேலே சொன்ன கருப்பை வாய் விஷயம்.

காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்துவிட்டால் தொற்று மேலேறி கருக்குழாயைத் தொட்டிருக்கலாம். இங்கே நாள் கடத்துவதன் விலை என்னவென்று சுவீடனின் ஆய்வாளர் வெஸ்ட்ரோம் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துச் சொன்னார்: ஒருமுறை வந்தவர்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கும், இரண்டுமுறை வந்தவர்களில் சுமார் 20 சதவீதத்தினருக்கும், மூன்று அல்லது அதற்கு மேல் வந்தவர்களில் 40 சதவீதத்தினருக்கும் குழாய் அடைபட்டுப் பிள்ளையின்மை ஏற்பட்டது.

6. வயிற்றுக்கோளாறு போல வருவது

சினைப்பைப் புற்றுக்கு வெகுஜனப் பரிசோதனை எதுவும் இதுவரை கைகொடுக்கவில்லை. பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆண்டுதோறும் இரத்தச் சோதனையோ ஸ்கேனோ செய்து மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2021இல் வந்தது: இறப்பு குறையவில்லை. ஆகவே கருப்பை வாய்க்கு நேர் எதிர் நிலை இது. அங்கே அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது. இங்கே அறிகுறியை விட்டால் வேறு பிடி இல்லை.

அந்த அறிகுறிகள் எவை? சியாட்டிலின் பார்பரா கோஃப் குழுவினர் நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டு 2007இல் ஒரு குறியீட்டை வெளியிட்டார்கள். வயிறு உப்புவது அல்லது பெருப்பது, அடிவயிற்றிலோ இடுப்புக்கூட்டிலோ வலி, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, சிறுநீர் அடிக்கடி அல்லது அவசரமாக வருவது ஆகியவை. யாருக்குத்தான் இவை இல்லை? அவர்கள் சேர்த்த இரண்டு நிபந்தனைகளில்தான் விஷயம் இருக்கிறது: இவை தொடங்கி ஓராண்டுக்குள்ளாக இருக்க வேண்டும், மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருக்க வேண்டும். பத்தாண்டாக இருக்கும் வாயுத்தொல்லைக்கும் மூன்று மாதமாகப் புதிதாக வந்ததற்கும் வேறுபாடு அங்கேதான். இந்தக் குறியீடும் தொடக்கநிலைப் புற்றில் பாதியைச் சற்று மிஞ்சித்தான் பிடித்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ‘கேஸ் ட்ரபிள்’ தொடங்கி, மாத்திரையில் அடங்காமல் போனால், குடல் மருத்துவரிடம் மட்டும் போய் நிற்காமல் இடுப்புக்கூட்டு ஸ்கேனும் சி.ஏ.125 இரத்தச் சோதனையும் கேளுங்கள். ரவிக்கை அப்படியே இருக்க, பாவாடை நாடா மட்டும் எட்டாமல் போவது கவனிக்கவேண்டிய மாற்றம். தாய், சகோதரி, அத்தை வழியில் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ இருந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

7. மற்றவை

15 வயதாகியும் பருவமடையாத பெண்ணைக் காட்ட வேண்டும். பருவமடையாமலே மாதாமாதம் வயிறு மட்டும் வலித்தால் கன்னிச்சவ்வு அடைத்து இரத்தம் உள்ளே தேங்கியிருக்கலாம். சிறு அறுவையில் தீரும். வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றால், கர்ப்பம் இல்லையென்று உறுதி செய்தபின், தைராய்டையும் சினைப்பை நீர்க்கட்டிக் குறைபாட்டையும் பார்க்க வேண்டும். ‘வராமலிருந்தால் நிம்மதி’ என்று விட்டால் உட்சுவர் கழியாமல் தடித்துக்கொண்டே போய்ப் பிற்காலப் புற்றுக்கு இடம் கொடுக்கும்.

வயதான பெண்ணுக்கு வெளியுறுப்பில் மாறாத அரிப்பு, வெள்ளைத் திட்டு, ஆறாத புண் ஆகியவற்றைக் களிம்பு தடவியே ஓட்டக்கூடாது. ஏதோ கீழே இறங்குவது போன்ற உணர்வும், இருமினால் சிறுநீர் கசிவதும் உயிராபத்தில்லை. ஆனாலும் சிகிச்சை உள்ளவை, சகித்துக்கொண்டு இருக்கவேண்டியவை அல்ல.

8. மருத்துவர் முன்

அறிகுறியை அறிந்து ஆஸ்பத்திரிக்குப் போன பெண்ணுக்கு அங்கே இன்னோர் ஆபத்து காத்திருக்கக்கூடும். வெள்ளைப்படுதலுக்கும் வலிக்கும் கருப்பையையே எடுத்துவிடுவது இந்நாட்டில் நடந்திருக்கிறது. பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையின்றி நடந்த கருப்பை நீக்கங்கள் பற்றிய வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் ஏற்கவேண்டுமென்று உத்தரவிட்டது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கும் இப்படிக் கருப்பை நீக்கப்பட்டிருந்தது 2019இல் வெளியே வந்தது. ‘புற்றாக மாறிவிடும்’ என்ற பயம்தான் இத்தகைய அறுவைகளுக்குப் பெண்களைத் தள்ளும் வாசகம். விழிப்புணர்வு என்ற பெயரில் பயத்தை மட்டும் பரப்பும் கட்டுரைகளும் அந்த வாசகத்துக்குத் துணைபோகின்றன.

எனவே போகும்போது எழுதிக்கொண்டு போங்கள்: கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி, எத்தனை நாள், எத்தனை நாப்கின், தொல்லை எப்போது தொடங்கியது, என்ன மாறியது, சாப்பிடும் மாத்திரைகள். ஸ்பெகுலம் பரிசோதனைக்கு மறுக்காதீர்கள். பெண் செவிலியர் ஒருவர் உடன் இருக்கவேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கருப்பையை எடுக்கவேண்டும் என்று சொன்னால், என்ன நோய், எந்தச் சோதனை அதைக் காட்டியது, மருந்தோ கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையமோ ஏன் பொருந்தாது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு இல்லாதவரை, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போக நேரம் இருக்கிறது.